சுத்தி நழுவுகிற பிஸ்டல்

அன்றைக்கு ஸ்டால்னேக்கர் வீட்டுச் சமையலறையில் இருந்தவர்கள்:

வெர்லின் ஸ்டால்னேக்கர். வீட்டுக்காரர், விற்பவர். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

நோவெல்லா, அவர் மனைவி. அடுப்புப் பக்கம்.

லானி மெசர். வாங்க வந்தவன். வாங்கிக்கொண்டு போய் அந்த வாரமே தன் கதையை முடித்துக்கொள்வதாக இருந்தவன். அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

நான், ஆர்லோ. பிஸ்டலைப் பார்த்துச் சொல்ல வந்தவன்.

மேசைக்கடியில் ஒரு கிழட்டு வேட்டை நாய். மேசைமேல், எண்ணெய் ஊறிய சிவப்புத் துணியில், பிஸ்டல்.

நானும் லானியும் ஒரே கிடங்கில் இரவு ஷிப்ட். பெட்டிகளை பெல்ட்டில் ஏற்றி இறக்குகிற வேலை. ஷிப்ட் முடிந்து தூங்காமல் நேராக வந்திருந்தோம். தீவனக் கடை அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டுக் காகிதத்தை லானி பார்த்திருக்கிறான்: பழைய நாற்பத்தைந்து விற்பனைக்கு, நேரில் வரவும். நாற்பத்தைந்து என்றால் பட்டாளத்தில் நெடுங்காலம் இருந்த அந்தக் கனத்த பிஸ்டல் மாடல். கடையில் கேட்கிற விலையில் பாதிதான் போட்டிருந்தது. எனக்கு அதுவே பிடிக்கவில்லை. பாதி விலையில் வருகிற எந்தப் பொருளுக்கும் மீதிப் பாதியை வேறு எங்காவது கொடுக்க வேண்டியிருக்கும்.

"நீ சும்மா கொண்டுபோய் விடு, போதும்" என்றான் லானி. அவன் காரை மனைவி எடுத்துக்கொண்டு கொலம்பஸ் நகரத்துக்குப் போய்விட்டாள், மகளோடு சேர்த்து. என்னிடம் டிரக் இருந்தது.

"பாக்காம வாங்கினா உன்ன மாதிரி ஏமாளிய இந்த வட்டாரத்துலயே காட்ட முடியாதுடா. நான் பாக்கறேன்."

"சரி, பாரு."

வீட்டுக்கு ஒன்று இருக்கட்டும் என்றுதான் சொன்னான். அவனிடம் ஏற்கெனவே ஒரு பிஸ்டல் இருந்தது எனக்குத் தெரியும். போன வருஷம் குவாரிப் பள்ளத்தில் டப்பாக்களை வைத்துச் சுட்டிருக்கிறோம். விவாகரத்து வக்கீலுக்குக் கொடுக்க விற்றிருப்பான் என்று நானே ஒரு காரணத்தைப் போட்டுக்கொண்டேன். கேட்கவில்லை.

வெர்லின் கதவைத் திறந்ததும் முதலில் எங்கள் ஷூவைப் பார்த்தார். அப்புறம் என் டிரக்கின் நம்பர் பலகை. கடைசியாகத்தான் முகம்.

"ரெண்டு பேருமா வாங்கப் போறீங்க?"

"இவன் வாங்கறான் ஐயா. நான் கூட வந்தேன்."

"கூட வர்றவன்தான் எப்பவும் குத்தம் கண்டுபிடிப்பான். லைசென்ஸைக் காட்டுங்க. ரெண்டு பேரும்."

எங்கள் மாநிலத்தில் ஆளுக்கு ஆள் விற்பதற்குக் காகிதம் எதுவும் வேண்டாம். ஆனாலும் மரியாதைப்பட்டவர்கள் டிரைவர் லைசென்ஸைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள். அவர் லானியுடையதை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்தார்.

"மெசரா? எந்த மெசர்? லாரல் ஓடைப் பக்கமா?"

"ஆமாங்க."

"கிளைடுக்கு நீ என்ன வேணும்?"

"பேரன்."

"கிளைடு பொய் சொன்னா கேட்டுக்கிட்டே இருக்கலாம். அப்படி ஒரு அழகு. உனக்கு அது வந்திருக்கா?"

லானி சிரித்தான். "இன்னும் பழகிக்கிட்டிருக்கேன்."

உள்ளே விறகடுப்பின் சூடு. நோவெல்லா மாவுக் கையோடு பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "தொப்பிய எடு, கண்ணு. இது பார் இல்ல" என்றார். எடுத்தேன். அப்புறமும் அவர் என்னை நம்பியதாகத் தெரியவில்லை. அடுப்புக்கும் எங்களுக்கும் நடுவில், எங்கள் கைகள் தெரிகிற மாதிரி நின்றுகொண்டார்.

வெர்லின் துணியை விரித்தார். தோட்டா அடுக்குகிற மேகசினை உருவி வைத்தார். மேலே மூடியாக இருக்கிற ஸ்லைடைப் பின்னால் இழுத்து நிறுத்தினார், உள்ளே பார்த்தார், சுண்டு விரலை விட்டுத் தடவினார். காலி. என்னிடம் நீட்டினார். வாங்கினேன், நானும் பார்த்தேன், விரலை விட்டேன்.

இது எங்கள் பக்கத்துப் பழக்கம். கொடுக்கிறவன் காலி என்று காட்டித்தான் கொடுப்பான். வாங்குகிறவன் அதைக் கண்ணால் பார்த்திருந்தாலும் தானும் ஒருமுறை பார்ப்பான். என்னை நம்பவில்லையா என்று யாரும் கேட்பதில்லை. பார்க்காமல் வாங்கினால்தான் திட்டு விழும். ஆறு வயதில் முதுகில் அடி வாங்கிக் கற்றுக்கொண்டது. பிறகு மூளைக்கு வேலையில்லை, கையே செய்துவிடும்.

"யாரோடது ஐயா?"

விற்பனைக்கு வருகிற ஒவ்வொரு பழைய நாற்பத்தைந்துக்கும் ஒரு அப்பாவும் ஒரு போரும் உண்டு. கொரியா, பசிபிக், ஏதாவது ஒன்று. நான் அதற்குத் தயாராக இருந்தேன்.

"தீயணைப்பு நிலையத்துச் சீட்டுக் குலுக்கல்ல விழுந்தது" என்றார். "நான் வாங்கின சீட்டுகூட இல்ல. இவ வாங்கினா. பன்றித்தொடை விழும்னு பாத்தா."

"இன்னிக்கு வரைக்கும் எனக்கு அந்தப் பன்றித்தொடை வரல" என்றார் நோவெல்லா.

பொய்யாக இருக்க முடியாத அளவுக்கு அற்பமான கதை. அதுதான் என்னை உறுத்தியது. நன்றாகப் பொய் சொல்லத் தெரிந்தவன் இப்படித்தான் சொல்வான்.

முதலில் எண். திருட்டுத் துப்பாக்கி என்றால் எண்ணைத்தான் ராவியிருப்பார்கள். ஜன்னலுக்குத் திருப்பிச் சாய்த்துப் பார்த்தேன். எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக இருந்தது. பட்டைச் சக்கரத்தில் மெருகேற்றி மறுபடி சாயம் போட்ட துப்பாக்கியில் எழுத்து சோப்பில் பொறித்த மாதிரி மழுங்கிப் போயிருக்கும். சாயம் பள்ளத்தில் தேங்கி நிற்கும். இதில் அப்படி இல்லை. பழைய நீலச் சாயம், உறையில் உரசி உரசி முனையில் மட்டும் வெளுத்திருந்தது.

"சீட்டுல விழுந்ததுங்கறீங்க. உறையில போட்டுத் திரிஞ்ச மாதிரி இருக்கே."

"சீட்டுல விழுந்தா பரண்ல போட்டு வைக்கணுமா? காட்டுக்குப் போறப்ப இடுப்புல இருக்கும். கரடி இருக்கற ஊருடா இது."

"கரடிய சுட்டீங்களா?"

"இல்ல. கரடிக்குக் காட்டினேன். அதுக்குப் பிடிச்சிருந்துது."

லானி மறுபடி சிரித்தான். கொஞ்சம் சீக்கிரமாக, வெர்லின் முடிப்பதற்கு முன்பே. நான் அதைக் கவனித்தேன், ஆனால் பிஸ்டலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பிரிக்கலாமா ஐயா?"

"கேட்டியே. சந்தோஷம். போன வாரம் ஒருத்தன் வந்தான். கேக்காமலே, தோட்டா இல்லாத குழல்மேல ஸ்லைடைப் படார்னு விட்டான், பிஸ்டலே கெட்டுப்போற மாதிரி. வெளிய போடான்னுட்டேன்."

முன்பக்க வளையத்தைத் திருப்பி ஸ்பிரிங்கை எடுத்தேன், பக்கவாட்டு முள்ளை உருவினேன், ஸ்லைடு கையோடு வந்தது. அந்த முள்ளை அவசரத்தில் திரும்ப மாட்டுகிறவர்கள் சட்டத்தின் பக்கவாட்டில் வில் மாதிரி ஒரு கீறல் போட்டுவிடுவார்கள். முட்டாள் கீறல் என்போம். பத்துப் பழைய பிஸ்டலில் எட்டில் இருக்கும். இதில் இல்லை.

"தேடாத. கிடைக்காது" என்றார் வெர்லின்.

குழலை எடுத்து ஜன்னல் வெளிச்சம் படும்படி பிடித்து உள்ளே பார்த்தேன். பழைய தோட்டாக்களில் உப்பு இருக்கும். சுட்டுவிட்டுக் கழுவாமல் வைத்தால் குழல் உள்ளே அம்மைத் தழும்பு விழும். தழும்பு இல்லை. நடுவில் கருத்த வளையம் தெரிந்தால் எப்போதோ குழல் வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். வளையமும் இல்லை. சட்டத்தில் விரிசல் தேடினேன், நகத்தால் ஓட்டிப் பார்த்தேன். திருகாணித் தலைகளைப் பார்த்தேன், கண்டபடி திருகிச் சிதைத்திருக்கிறார்களா என்று. ஒன்றும் இல்லை. ஸ்பிரிங் மட்டும் கொஞ்சம் சோர்ந்திருந்தது.

"ஸ்பிரிங் போயிடுச்சு."

"அப்பாடா" என்றார் நோவெல்லா. "ஏதோ ஒண்ணு கிடைச்சுது பையனுக்கு. இல்லன்னா ராத்திரி சாப்பாட்டுக்கும் இங்கதான் இருந்திருப்பான்."

மறுபடி மாட்டினேன். "சுத்தியைத் தட்டிப் பாக்கலாமா?"

"பாரு."

சுத்தி என்றால் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கொண்டை. இழுத்து நிறுத்தினால் நிற்க வேண்டும், ட்ரிக்கரை இழுத்தால் மட்டும் விழ வேண்டும். இழுத்து நிறுத்தி, கட்டை விரலால் பின்னாலிருந்து அழுத்தித் தள்ளினேன். நழுவவில்லை. சேஃப்டியை மேலே தள்ளி ட்ரிக்கரை இழுத்தேன். விழவில்லை. சேஃப்டியை இறக்கினேன். அப்போதும் விழவில்லை. காதருகில் வைத்துச் சுத்தியை மெதுவாகப் பின்னால் இழுத்தேன், உள்ளே ஏதாவது சிறு சத்தம் வருகிறதா என்று. வரவில்லை. பிடியை அழுத்தாமல் ட்ரிக்கரை இழுத்துப் பார்த்தேன், விழவில்லை. பிடியை அழுத்தி இழுத்தேன். கண்ணாடிக் கம்பி முறிகிற மாதிரி சுத்தமாக விழுந்தது.

நல்ல பிஸ்டல். என் சம்பளத்துக்கு இதைவிட நல்லது நான் தொட்டதில்லை. அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.

"இவ்வளவு நல்லா இருக்கறதை ஏன் ஐயா பாதி விலைக்குத் தர்றீங்க?"

வெர்லின் கைகளை மேசைமேல் வைத்தார். விரல் முட்டிகள் இஞ்சிக் கிழங்கு மாதிரி இருந்தன. "ஸ்லைடை இழுக்க முடியல. இப்ப உங்களுக்குக் காட்டினேன் பாரு, அந்த வலி நாளைக்கு வரைக்கும் இருக்கும்."

"பொய்" என்றார் நோவெல்லா. "வலி இருக்கு. ஆனா விக்கறது அதுக்கில்ல. என் ஃப்ரீஸர் போயிடுச்சு. திங்கக்கிழமை மான் வேட்டை சீசன் ஆரம்பம். இவரு ஒண்ணு, மருமகன் ஒண்ணு, இறைச்சிய எங்க வைக்கறது, என் தலையிலயா? புது ஃப்ரீஸர் வாங்காம மானோட வீட்டுப் பக்கம் வராதீங்கன்னுட்டேன்."

"எல்லாத்தையும் சொல்லிடு" என்றார் வெர்லின்.

ஃப்ரீஸர் வெளித் தாழ்வாரத்தில் கதவு திறந்தபடி கிடந்ததை வரும்போதே பார்த்திருந்தேன். இனி சந்தேகப்பட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. ஸ்லைடைத் திறந்து நிறுத்தி, பார்த்து, பிஸ்டலை லானியிடம் நீட்டினேன். "எடுத்துக்கோடா. குத்தம் இல்ல."

லானி வாங்கினான்.

உள்ளே பார்க்கவில்லை. விரலை விடவில்லை. திருப்பியும் பார்க்கவில்லை. கையில் வைத்துக்கொண்டிருந்தான், கடையில் பாக்கி சில்லறைக்கு நிற்கிறவன் மாதிரி. "சரி. நல்லா இருக்கு" என்றான்.

லாரல் ஓடை மெசர் வீட்டில் பிறந்தவன். அவன் தாத்தா நடக்கச் சொல்லிக் கொடுக்கும் முன்பே சுடச் சொல்லிக் கொடுத்திருப்பார்.

வெர்லினின் கண் அந்தக் கையிலேயே நின்றது. அவர் குரல் மட்டும் மாறவில்லை. "ஒரு பெட்டி தோட்டாவும் தர்றேன். சும்மாதான் கிடக்கு. எனக்கு இனி எதுக்கு?"

"பெட்டி எல்லாம் எதுக்குங்க" என்றான் லானி. "ரெண்டு மூணு போதும்."

கரண்டி சட்டியில் பட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"ரெண்டு மூணா" என்றார் வெர்லின்.

"சும்மா, பக்கத்துல இருக்கட்டும்னு."

"ம்." அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "திங்கக்கிழமை எந்தப் பக்கம் போறே? உங்க தாத்தாவுக்கு ஸ்ப்ரூஸ் மேட்டுல ஒரு இடம் இருந்துது. நல்ல இடம்."

"இந்த வருஷம் போகல."

மான் சீசனுக்கு இங்கே பள்ளிக்கூடத்துக்கே லீவு. கிடங்கில் பாதிப்பேருக்குக் காய்ச்சல் வரும். போகவில்லை என்று ஒருவன் சொன்னால் காலை உடைத்துக்கொண்டானா என்றுதான் கேட்போம்.

"ஏன், ரைஃபிள் ரிப்பேரா?"

"டுவேன்கிட்ட இருக்கு."

டுவேன் அவன் அண்ணன்.

"ரைஃபிள் மட்டுமா?" என்றார் வெர்லின்.

"எல்லாமும்." லானி பிஸ்டலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆகஸ்ட்லேர்ந்து."

ஒருவனுடைய துப்பாக்கிகள் எல்லாம் இன்னொருவன் வீட்டில் இருந்தால் இரண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, வெள்ளமோ தீயோ. இன்னொன்றை எங்கள் பக்கம் வாய்விட்டுச் சொல்வதில்லை. அண்ணன் ஒருநாள் வருவான். டிரக்கில் ஏற்றுவான். "கொஞ்ச நாளைக்கு நான் வச்சிருக்கேன்" என்பான். தம்பி தலையாட்டுவான். இருவரும் வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். மனது சரியான பிறகு ஒருநாள் அதே டிரக் திரும்ப வரும். டுவேனின் டிரக் இன்னும் திரும்ப வரவில்லை. நடுவில் இவனைக் கூட்டிக்கொண்டு வந்து நான் திருகாணித் தலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வெர்லின் என்னைப் பார்த்தார். நீ தெரிந்துதான் கூட்டி வந்தாயா என்கிற பார்வை. நான் இல்லை என்று தலையசைத்தேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

"குடுடா ஒரு நிமிஷம்" என்று லானியிடமிருந்து பிஸ்டலை வாங்கினேன். "ஒண்ணை மறந்துட்டேன்."

பார்த்தேன், விரலை விட்டேன், ஸ்லைடைக் கையோடு மெதுவாக மூடினேன். சுத்தியை இழுத்து நிறுத்தினேன். கட்டை விரலால் பின்னாலிருந்து தள்ளினேன். தள்ளும்போதே, உள்ளங்கை மறைவில், ட்ரிக்கரை இழுத்துவிட்டேன். சுத்தி டக்கென்று விழுந்தது.

"நழுவுது" என்றேன். "தள்ளினா விழுது. மொதல்ல சரியா பாக்கல. ஐயா, இது ஆளைக் கொல்லற பிஸ்டல். இதை விக்க வச்சிருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

ஒரு மனிதரை அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு, அவர் மனைவி எதிரில், அப்படிக் கேட்டேன். என் விரல் எங்கே இருந்தது என்று வெர்லின் பார்த்திருந்தார். அவர் முகம் சிவந்து கழுத்து வரைக்கும் இறங்கியது. நாய்கூட எழுந்து இடம் மாறிப் படுத்தது.

"ஆமா" என்றார். "ரெண்டு வருஷமா அப்படித்தான் இருக்கு. யாரும் கண்டுபிடிக்கமாட்டாங்கன்னு நெனச்சேன்."

"வெர்லின்!" என்றார் நோவெல்லா.

"நீ சும்மா இரு."

"நாப்பத்திநாலு வருஷமா உங்ககூட இருக்கேன், ஒரு ஓட்டை வாளியக்கூட நீங்க யாருக்கும் ஏமாத்தி..."

"நோவெல்லா. சும்மா இரு." அவர் லானியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த அம்மாளும் இப்போது அவனைப் பார்த்தார். கரண்டியை ஓரமாக வைத்தார்.

"அப்ப வேணாம்டா லானி" என்று பிஸ்டலை மேசைமேல் வைத்தேன். "கிளம்பலாம்."

லானி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். "பரவாயில்ல" என்றான்.

"என்னடா பரவாயில்ல?"

"நழுவினா நழுவட்டும். விலைக்கு அது போதும். நான் எடுத்துக்கறேன்."

கையை நீட்டினான். வெர்லின் அதற்கு முன்பே பிஸ்டல்மேல் தன் கையை வைத்துவிட்டார், அந்த இஞ்சி விரல்களோடு.

"சுத்தி நழுவற பிஸ்டலை வீட்டுல வைக்க எவனும் வாங்கமாட்டான், தம்பி."

"ஐயா, விக்கறதுன்னா வித்துடுங்க. இல்லன்னா வேற ஆளே இல்லையா இந்த ஊருல?"

"நெறைய இருக்காங்க. ஆனா அங்கெல்லாம் நீ நடந்துதான் போகணும். டேய், சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட" என்றேன்.

"அவகிட்ட குடு."

கொடுத்தேன். நோவெல்லா சாவியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, நாற்காலி ஒன்றை இழுத்துக் கதவை அடைத்த மாதிரி போட்டு உட்கார்ந்தார்.

லானி எழுந்தான். முகம் வெளுத்திருந்தது. "என்ன இது? நான் என்ன கேட்டேன்? காசு குடுத்து ஒரு பொருளை வாங்க வந்தேன். ஆர்லோ, நீ என்னை இங்க அசிங்கப்படுத்தத்தான் வந்தியா?"

"நீ இந்த மேசையில வாங்கினப்ப உள்ள பாக்கல" என்றேன்.

"பாக்கலன்னா?"

"பாக்கல. அவ்வளவுதான்."

வெர்லின் கேட்டார். சத்தம் போடாமல், கிளைடைப் பற்றிக் கேட்ட அதே குரலில். "தம்பி. உன்னையே சுட்டுக்கப் போறியா?"

அதை வாய்விட்டு ஒருவர் கேட்டு நான் அதுவரை கேட்டதில்லை. டுவேன் கேட்டிருக்க மாட்டான். நான் பக்கத்தில் நின்று எட்டு மணி நேரம் பெட்டி தூக்குகிறேன், நான் கேட்டதில்லை. லானி ஜன்னலைப் பார்த்தான், வெளியே ஃப்ரீஸரைப் பார்த்தான். நாங்கள் யாரும் அவனுக்குப் பதில் எடுத்துக் கொடுக்கவில்லை. பீன்ஸ் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. நோவெல்லா எழுந்திருக்கவில்லை.

"ஆமா" என்றான் லானி. அப்புறம், "தெரியல." அப்புறம் உட்கார்ந்துவிட்டான். "தூங்கி எத்தனை நாளாச்சுன்னே தெரியல. பகல்ல படுத்தா வீட்டுல ஒரு சத்தமும் இல்ல."

"சரி" என்றார் வெர்லின். "இப்ப ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"நான் வரல."

"வரமாட்ட. நாங்க போறோம், நீ வண்டியில இருப்ப. அவ்வளவுதான்."

அவர் பிஸ்டலை எடுத்து நோவெல்லாவிடம் நீட்டினார். "உள்ள வச்சுப் பூட்டு." அந்த அம்மாள் மாவு ஒட்டிய கையால் வாங்கி, ஸ்லைடை இழுத்து, உள்ளே பார்த்து, விரலை விட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் சாவியைத் தந்தார். லானியின் கன்னத்தில் அதே மாவுக் கையை வைத்தார். "ஆஸ்பத்திரியில சூப்புன்னு ஒண்ணு குடுப்பாங்க. குடிக்காத. நான் பீன்ஸ் அனுப்பறேன்."

"அடிப்பிடிச்சிருச்சும்மா" என்றான் லானி.

"மேலாக எடுத்து அனுப்பறேன்."

என் டிரக்கில் முன்னால் ஒரே நீள சீட்டு. வெர்லின் வீட்டுச் செருப்போடு வந்து ஏறினார், லானியை நடுவில் தள்ளி, தான் கதவோரம் உட்கார்ந்துகொண்டார். மூன்று பேருக்கு அது போதாது. லானியின் முட்டி கியரில் இடித்துக்கொண்டே வந்தது. மலை இறங்கினோம். பாலத்தருகில் லானி சொன்னான்:

"அந்தச் சுத்தி நல்லாத்தான் இருக்கு, இல்ல?"

நான் பாதையைப் பார்த்தேன்.

"என் பிஸ்டல்ல கோளாறா?" என்றார் வெர்லின். "எவன்டா சொன்னான்? இவனா? இவன் மூஞ்சிய எல்லாம் நம்பி எவனாவது துப்பாக்கி வாங்குவானா?"

லானியின் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வெர்லின் அவன் கழுத்துக்குப் பின்னால் கையைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் இன்னமும் சந்தேகத்தோடுதான் ஓட்டினேன். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அவன் கையைப் பார்த்தேன், கதவுப் பிடியைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருந்த பெண் என்ன விஷயம் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் லானியே சொல்லிவிட்டான், எங்களுக்குச் சொன்னதைவிடத் தெளிவாக. அவள் ஆச்சரியப்படவில்லை. உட்காரச் சொன்னாள். ஒருவர் வந்து அவனைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசினார், திரும்பக் கூட்டி வந்தார், மறுபடி காத்திருக்கச் சொன்னார். வெர்லின் தின்பண்ட இயந்திரத்தில் காசு போட்டு, உள்ளே கார இறைச்சி வைத்த ஒரு பெப்பரோனி ரொட்டி எடுத்து மூன்றாகக் கிழித்தார். லானி தன் துண்டைத் தின்றான். அவன் தின்பதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்ன பாக்கறீங்க?" என்றான்.

"ஒண்ணுமில்ல" என்றார் வெர்லின். "கிளைடும் வாயைத் திறந்துக்கிட்டேதான் மெல்லுவான்."

மூன்றாவது மாடி மனநல வார்டுக்கு எங்களையும் வரச் சொன்னார்கள், வாசல் வரைக்கும். இரும்புக் கதவு, நடுவில் உள்ளங்கை அளவு கண்ணாடி. வெளியிலேயே அவன் பெல்ட்டையும் ஷூ லேஸையும் கழற்றச் சொன்னார் நர்ஸ். பையில் போட்டு என்னிடம் தந்தார். அவன் பேன்ட் இடுப்பைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஷிப்டுக்கு யார் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"காய்ச்சல்னு சொல்லு."

"மான் காய்ச்சல்னு நெனச்சுப்பாங்க."

"நெனச்சுக்கட்டும்." அப்புறம், "டுவேனுக்கு?"

"அவனுக்கு உள்ளதைச் சொல்றேன்."

யோசித்தான். "சரி" என்றான். வெர்லினைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அவரும் ஆட்டினார்.

நர்ஸ் தன் அட்டையைச் சுவரில் காட்டினார். கதவு திறந்தது. லேஸ் இல்லாத ஷூவைத் தேய்த்துக்கொண்டு லானி உள்ளே போனான். போகிறானா, நடுவில் திரும்புகிறானா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். திரும்பவில்லை. கதவு தானாக மெதுவாக வந்து சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. நான் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். பூட்டியிருந்தது.